என் பெயரில் ஒரு புலம்பல்

அப்பாவின் கல்வெட்டில் என் பெயருக்குக் கீழே இருக்கும் புலம்பலை நான் எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வல்வெட்டித்துறையில் இதை நம்புகிறவர் ஒருவரும் இல்லை. கடைக்குப் போனால், "ரீச்சர், உங்கடை புலம்பலை வாசிச்சு அழுதுபோட்டன்" என்கிறார்கள். கோயில் வாசலில் ஒரு அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உன்னைப்போல ஒரு பொம்பிளைப்பிள்ளை எனக்குப் பிறக்கேல்லையே" என்றார். நான் இல்லை, நான் எழுதவில்லை என்று சொன்னால் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் படிப்பிக்கிறவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று நினைக்கிறார்களோ தெரியாது.

வேறு ஊர்க்காரருக்குக் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியதுதான் நினைவுக்கு வரும். எங்களிடம் அது ஒரு சின்னப் புத்தகம். ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்து, சாப்பாட்டுக்கு வருகிற எல்லோருக்கும் கொடுப்பது. அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறந்த வளர்ந்த கதை, செத்த திதியைச் சொல்கிற ஒரு வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று உறவு வரிசையில் பாட்டுகள். புலம்புகிறவர் பெயர் மேலே இருக்கும். எழுதுகிறவர் வேறு ஆள். துக்க வீட்டுக்காரர் தங்கள் புலம்பலைத் தாங்களே உட்கார்ந்து எழுதுவதில்லை. யாராவது தமிழ் தெரிந்தவரிடம் விவரம் சொல்லிவிட்டு, அவர் எழுதித் தருவதைத் தங்கள் கண்ணீராக ஏற்றுக்கொள்வார்கள். அன்றைக்குச் சபையில் வைத்து அதை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார்.

எங்கள் பக்கத்தில் அந்தத் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நானும், என்னோடு ஒரே பாடசாலையில் தமிழ் படிப்பித்த என் சிநேகிதியும். அவள் சுன்னாகத்துப் பக்கம் தோட்டக்கார வீட்டுப்பிள்ளை. ஸ்கூட்டியில் வருவாள், காலுக்கிடையில் எப்போதும் ஒரு பையில் எங்களுக்கு வெங்காயமோ கத்தரிக்காயோ இருக்கும். போகும்போது அதே பையில் மீன் போகும், வெள்ளிக்கிழமை தவிர. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதற்குக் காரணம் கேட்கிறவர்களோடு நான் இரண்டாம் தரம் கதைப்பதில்லை. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒன்றுக்காகவே அவளை என் வீட்டு அடுப்படிவரை விட்டேன்.

திதி வெண்பா என் பங்கு. தளை தட்டாமல் திதியையும் பட்சத்தையும் நாலு வரிக்குள் அடக்குவது எனக்குக் கைவந்த வேலை. புலம்பல் அவள் பங்கு. வேகமாக எழுதுவாள், ஆனால் எல்லாம் ஒரே அச்சு. ஆண் செத்தால் ஆலமரம் சாய்ந்துவிடும். பெண் செத்தால் குத்துவிளக்கு அணைந்துவிடும். கடலை வறுத்து விற்றவரும் ஆலமரம், அரசாங்கக் கச்சேரியில் கையெழுத்து வைத்தவரும் ஆலமரம். எங்கள் ஊரில் சாய்ந்த ஆலமரங்களை எல்லாம் நிமிர்த்தி வைத்தால் வெயில் நிலத்தில் படாது என்று நான் அவளைக் கிண்டல் பண்ணுவேன்.

"உருவகம் எண்டால் அந்த ஆளைப் பார்த்து வரோணுமடி. நீ சாமான் அறையிலையிருந்து எடுத்துப் போடுறாய்" என்பேன்.

"சனத்துக்கு ஆலமரம்தான் வேணும். விழேல்லையெண்டால் கோவிக்குதுகள்" என்பாள்.

"ஒருநாளைக்காவது உள்ளதை உள்ளபடி எழுதிப் பார். ஒரு ஆள் சாப்பிடேக்கை என்ன செய்தவர், படுக்கேக்கை என்ன சொன்னவர். அதிலை வாற அழுகை ஆலமரத்திலை வராது."

இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் அறையில், எல்லோரும் கேட்க, ஒரு மேதாவியைப் போலச் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அணி பாடம் நான் விரும்பிப் படிப்பிக்கிற பாடம். உவமையும் உருவகமும் பிள்ளைகளுக்கு இலேசாகப் பிடிபடும். 'போல' என்று வந்தால் உவமை, அந்தப் 'போல' கழன்று ஒன்றே மற்றதாகிவிட்டால் உருவகம். தற்குறிப்பேற்றத்துக்கு எங்கள் மின்சாரத்தையே உதாரணம் காட்டுவேன். செத்தவீட்டில் லைற் நின்றுபோகிறது. அது வயர் கோளாறு. ஆனால் எங்கள் துக்கத்தைப் பார்க்க மாட்டாமல் விளக்கும் கண்ணை மூடிக்கொண்டது என்று நீ எழுதினால், தானாக நடந்ததில் உன் மனத்தை ஏற்றிவிட்டாய் என்பேன். உயர்வு நவிற்சிக்கு உதாரணமே வேண்டாம், எங்கள் ஆட்கள் தங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டாலே போதும். வகுப்பு சிரிக்கும். தன்மை நவிற்சிக்கு வரும்போதுதான் சிரிப்பு நிற்கும். ஒன்றை அதன் இயல்பு மாறாமல், கூட்டாமல் குறைக்காமல், கண்ணில் தெரியும்படி சொல்வது தன்மை நவிற்சி. முன் வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை ஒருமுறை எழும்பிக் கேட்டாள்.

"சும்மா உள்ளதைச் சொன்னால் அது என்னெண்டு ரீச்சர் அணியாகும்? அதிலை என்ன அலங்காரம் இருக்கு?"

கேள்வி நல்ல கேள்வி. நான் புத்தகத்தில் உள்ள பதிலைச் சொல்லி அவளை இருத்தினேன்.

அந்த வருசம்தான், அம்மா இல்லாத எங்கள் வீட்டில், அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கடலில் கிடந்த மனிதர். வலது பக்கம் விழுந்துவிட்டது, கதை கொஞ்சம் குழறியது, ஆனால் விளங்கும். காலையில் என்னை யாரென்று தெரியும், பத்திரிகையில் படம் பார்ப்பார். மத்தியானத்துக்குப் பிறகு அவருக்குக் காலம் குழம்பிவிடும். விடியக் கடலுக்குப் போன சின்னப் போட்டுகள் பின்னேரம் திரும்பும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும், "பிள்ளை, எழுப்பி விடு" என்பார். தலையணையை முதுகுக்கு வைத்து இருத்திவிட்டால், வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

"தம்பி வந்திட்டானோ? மீன்தலை வைச்சியோ?"

தம்பி என்பது என் அண்ணை. எங்கள் வீட்டில் மூத்த மகனை அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணை அப்பாவோடு கடலுக்குப் போன காலத்தில், விளைமீன் குழம்பில் தலை அவருக்குத்தான். அதை வேறு யாரும் தொட்டால் அப்பாவுக்குப் பொல்லாத கோபம் வரும். அண்ணை பிரான்சுக்குப் போய்ப் பல வருசம். ஒரு ரெஸ்ரோரண்ட் அடுப்படியில் வேலை. அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, திரும்பப் போட்டு, முடிவு வராமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. வழக்கு நடக்கும்போது ஊருக்கு வந்தால் எல்லாம் அத்தோடு முடிந்தது. திரும்பிப் போக முடியாது.

முதல் நாள் அப்பா கேட்டபோது, அண்ணை பிரான்சில் இருக்கிறார் என்று உண்மையைச் சொன்னேன். அப்பா அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பவரைப் போலத் திகைத்தார். எனக்குச் சொல்லாமல் போய்விட்டானோ என்று சின்னப்பிள்ளையைப் போல அழுதார். மறுநாள் அதே சத்தம், அதே கேள்வி. நான், "வந்திட்டான் அப்பா, கிணத்தடியிலை குளிக்கிறான்" என்றேன். அப்பா தலையை ஆட்டிவிட்டுச் சரிந்து படுத்து நித்திரையாகிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அண்ணை எங்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

அண்ணைக்கு நான் வேறு கதை சொன்னேன். அவர் போன் எடுத்து, "அப்பா என்னைக் கேக்கிறவரோ?" என்றால், "இல்லை அண்ணை, அவருக்கு இப்ப ஆரையும் அவ்வளவு நினைவில்லை, நிம்மதியாக் கிடக்கிறார்" என்பேன். அப்பாவிடம் அண்ணை வந்துவிட்டார் என்றும், அண்ணையிடம் அப்பா தேடவில்லை என்றும் சொல்லி இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணையின் குணம் எனக்குத் தெரியும். அப்பா தன்னைத் தேடுகிறார் என்று ஒரு சொல் கேட்டால் வழக்கையும் வாழ்க்கையையும் போட்டுவிட்டு அடுத்த பிளேனில் ஏறிவிடுவார்.

இது உலகத்தில் என்னைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். பாடசாலை விட்டு வெயில் தணியும்வரை அவள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது வழக்கம். ஒருநாள் அவள் இருக்கும்போதே போட்டுகளின் சத்தம் கேட்டது. அப்பா கேட்டார், நான் சொன்னேன், அவர் படுத்தார். அடுப்படிக்கு வந்து கேத்திலை எடுத்தேன், சுடுதண்ணியைக் கோப்பைக்கு வெளியே நிலமெல்லாம் ஊற்றிவிட்டேன். அவள் கேத்திலை வாங்கி வைத்துவிட்டு என்னை இருத்தினாள். நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அண்ணைக்கு இது ஒருநாளும் தெரியக்கூடாது" என்றேன்.

"எனக்குச் சொன்னதும் கிணத்துக்குச் சொன்னதும் ஒண்டு" என்றாள். என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அந்தக் கையின் சூடு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அப்பா ஒரு விடியற்காலையில் போய்விட்டார். அண்ணை வரவில்லை, வர முடியாது, நான்தான் வரவேண்டாம் என்று மன்றாடினேன். கொள்ளி வைக்கிறதை ஒரு சொந்தக்காரப் பெடியன் போனில் காட்ட, அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கடைசியா என்னைத் தேடினவரோ?" நான், "இல்லை அண்ணை, நித்திரையிலைதான் போனவர்" என்றேன். இரண்டாவது பாதி உண்மை.

கல்வெட்டு வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். திதி வெண்பா கூட நான் எழுதவில்லை, என் கைக்கு அசையும் சீரும் வரவில்லை. "நீ ஒண்டும் பாக்காதை, நான் பாக்கிறன்" என்றாள். ஆலமரம் ஒன்று விழப்போகிறது என்று நினைத்தேன். விழட்டும், இவ்வளவு ஆலமரம் விழுந்த ஊரில் என் அப்பாவும் ஒன்றாக விழட்டும் என்று விட்டுவிட்டேன். அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்தபோதும் நான் பிரிக்கவில்லை. அட்டையில் அப்பாவின் படம் இருந்தது, அதை இரண்டாம் தரம் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. மூன்று வாரமாக யாரோ எனக்காக நினைக்கட்டும் என்று இருந்த நான், அந்தக் கடைசி வேலையையும் அவளை நம்பி விட்டேன். நம்பினேன் என்பதைத் தவிர வேறு ஒரு காரணமும் இல்லை.

அந்தியேட்டியன்று வீட்டில் பந்தல் போட்டிருந்தது. அப்பாவின் படத்துக்கு முன்னால் படைத்து, ஐயர் போன பிறகு, கல்வெட்டு வாசிக்கும் நேரம் வந்தது. அவளுக்கு நல்ல குரல், அவளே மைக்கை எடுத்தாள். படத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் செம்பில் போனைச் சாத்தி வைத்திருந்தார்கள், அதில் அண்ணையின் முகம் தெரிந்தது. வேலைக்கு இடையில் நிற்கிறார், பின்னால் வெள்ளைச் சுவர். நான் பாயில் இருந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவாரம் முடிந்தது, வெண்பா முடிந்தது. "மகள் புலம்பல்" என்று என் பெயரைச் சொன்னாள். பிறகு நிறுத்தி, நிதானமாகப் பாடினாள்.

*பொழுதுசாயும் வேளையிலே போட்டெல்லாம் கரைதிரும்ப*
*எழுப்பிவிடு பிள்ளையென்பாய், எழுந்திருந்து வழிபார்ப்பாய்,*
*தம்பி வந்திட்டானோ மீன்தலை வைச்சியோ என்பாய்,*
*வந்திட்டான் என்றுசொன்னால் வாய்மூடித் தூங்கிடுவாய்.*

நான் படத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தேன். அப்பாவை நான் ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை, புலம்பலில் எல்லோரும் 'நீ' ஆகிவிடுவார்கள், அது முறை. ஆனால் மூன்றாம் வரி முறை இல்லை. முதல் இரண்டு வரிக்கும் எதுகை தேடிப் போட்டவள், மூன்றாம் வரியில் எதுகையை விட்டுவிட்டு அப்பாவின் வாயில் வந்த சொல்லை அப்படியே வைத்திருந்தாள். பந்தலில் ஒரு பெண் விம்மினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு கதிரையில் இருந்த ஆம்பிளைகள் தலையைக் குனிந்தார்கள். நான் போனைப் பார்த்தேன். அண்ணையின் முகம் அதில் இல்லை. போனை எங்கோ மேசையில் மல்லாக்கப் போட்டிருக்கிறார். ஒரு கூரையும் ஒரு குழல் விளக்கும் மட்டும் தெரிந்தன. அவள் பாடி முடிக்கும்வரை அந்த விளக்குத்தான் தெரிந்துகொண்டிருந்தது.

சில நாள் கழித்து அண்ணை ஒரு குரல் பதிவு அனுப்பினார். அதை நான் அழிக்கவில்லை.

"நீ எனக்குப் பொய் சொன்னனி. சரி, நான் வந்திடுவன் எண்டு பயந்து சொன்னனி, அது எனக்கு விளங்குது. அப்ப அந்தப் பொய்யை அப்பிடியே வைச்சிருந்திருக்கலாம்தானே. அவர் அங்கை என்னைத் தேடத் தேட நான் இஞ்சை கோப்பை கழுவிக்கொண்டிருந்தனான் எண்டு மைக் போட்டு ஊருக்குச் சொல்லோணுமோ? உனக்கு என்னிலை கோவம் எண்டால் எனக்குச் சொல்லியிருக்கலாம், பிள்ளை."

எழுதியது நான் இல்லை என்று பதில் அனுப்பினேன். "உன்னை விட்டால் அது ஆருக்குத் தெரியும்?" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் போன் பண்ணினால் மணி அடித்து ஓயும்.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனேன். அவள் ஆசிரியர் அறையில் தனியாக இருந்தாள், மேசையில் வழக்கம்போல எனக்கு ஒரு பை வெங்காயம். நான் அந்தப் பையைத் தள்ளிவிட்டுக் கேட்டேன்.

"ஏனடி அப்பிடிச் செய்தனி?"

அவள் நடிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். எதைக் கேட்கிறேன் என்று உடனே விளங்கியது.

"நீதானே எப்பவும் சொல்லுறனி, ஆலமரம் வேண்டாம், உள்ளதை எழுது எண்டு. உன்ரை அப்பாவுக்கும் ஆலமரம் போட எனக்கு மனம் வரேல்லை. வேறை ஆருக்கோ எண்டால் போட்டிருப்பன்."

"அது நான் உனக்குச் சொன்னது. கல்வெட்டுக்குச் சொன்னதில்லை."

"கல்வெட்டிலை பிறகென்னத்தை எழுதுறது? எத்தினை சனம் அழுதது எண்டு பார்த்தனிதானே. அதை மாதிரி ஒரு புலம்பல் இந்தப் பக்கத்திலை வந்ததில்லை."

"அண்ணை என்னோடை கதைக்கிறேல்லை."

அவள் வெங்காயப் பையைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. "நான் என்ரை பேரிலையோ போட்டனான்? உன்ரை பேரிலைதானே போட்டனான். பேர் உனக்குத்தானே" என்றாள்.

அவள் அதைக் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. எனக்கு ஒரு பெரிய பரிசு தந்துவிட்டதாகவே நினைத்தாள். என் வீட்டு அடுப்படியில் நான் ஊற்றிய கண்ணீரை அள்ளிக்கொண்டு போய், சீர் பிரித்து, என் பெயரையே எழுதி எனக்குத் திருப்பித் தந்திருக்கிறாள், நான் நன்றி சொல்லவில்லை என்று அவளுக்கு வருத்தம். கெட்டவளாக இருந்திருந்தால் நான் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு மறந்திருப்பேன். சிநேகிதியாக இருந்துகொண்டே செய்தாள், அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அன்றோடு அவளோடு கதைப்பதை நிறுத்தினேன். ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் இருந்துகொண்டு கதைக்காமல் இருப்பது இலேசான வேலை இல்லை. நான் செய்துகாட்டினேன்.

அவளுடைய பெயர் ஓங்கிவிட்டது. எழுதினது ரீச்சர்தான் என்று என்னைப் பாராட்டிய அதே ஊர், அதை வாசித்தவள் அவள்தானே என்று, செத்தவீடு என்றால் சுன்னாகத்துக்கு ஆளனுப்பத் தொடங்கியது. "அந்த மீன்தலைப் பாட்டு மாதிரி எங்கடை அப்பாவுக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டார்களாம். கடல் பக்கமே போகாமல் பனையேறியவருக்கும் மீன்தலை, சைவச் சாப்பாட்டுக்காரருக்கும் ஏதோ ஒரு தலை. என் அப்பாவின் கேள்வி அடுத்த ஆலமரம் ஆகிவிட்டது. யாரோ ஒருவருடைய அந்தியேட்டியில் அதைக் கொஞ்சம் மாற்றிப் பாடக் கேட்டபோது, சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வருசம் அணி பாடத்தில் தன்மை நவிற்சியை வேகமாகக் கடந்து போனேன். உதாரணம் கேட்டார்கள். புத்தகத்தில் இருக்கிறது, பாருங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல உதாரணத்தை என்னால் கரும்பலகையில் எழுத முடியாது.

அப்பா செத்து ஒரு வருசம் முடிந்து ஆட்டத்திவசம் வந்தது. படைத்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய், நான் பாத்திரங்களைக் கிணற்றடியில் போட்டுவிட்டு இருந்தேன். போட்டுகள் திரும்பும் நேரம். போன் அடித்தது. அண்ணையின் பெயரைப் பார்த்ததும் அடுத்த மணிக்கு விடாமல் எடுத்தேன். ஒரு வருசமாக அவர் குரலுக்காக எத்தனையோ கதை கட்டி வைத்திருந்தேன், ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் ஒன்றை மட்டும் வைத்திருந்தேன்.

"திவசம் முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"விளைமீன் கிடைச்சுதோ?"

"திவசத்துக்கு மீன் படைக்கிறேல்லைத்தானே அண்ணை."

"ஓமோம். மறந்திட்டன்." பின்னால் கோப்பைகள் முட்டுகிற சத்தம். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தப் பாட்டு உண்மையோ?"

கேள்வி வரும் என்று தெரியும். பதில் ஆயத்தமாக இருந்தது. வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன்.

"அதை நான் எழுதேல்லை அண்ணை. எழுதினவளும் கேக்கிற சனம் அழவேணும் எண்டுதான் எழுதினவள். உயர்வு நவிற்சி எண்டு ஒண்டு இருக்கு, நீங்கள் பள்ளிக்குடத்திலை படிச்சிருப்பியள். இல்லாததையும் கூட்டிப் பெருப்பிச்சுச் சொல்லுறது. கல்வெட்டுப் பாட்டெல்லாம் அப்பிடித்தான். அதை நீங்கள் மனத்திலை வைச்சுக்கொண்டு கவலைப்படக்கூடாது."

சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவர் நம்பிவிட்டார் என்று தெரிந்தது. இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது இன்றைக்கு என் வீட்டுக்கு உதவியது, அவள் உடைத்ததை நான் ஒட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணையின் பக்கம் கோப்பைகளின் சத்தம் நின்றது.

"அப்ப, அப்பா என்னைக் கேக்கவே இல்லையோ?" என்றார்.

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வேன். ஒரு வருசமாக அவர் என்னோடு கோபித்துக்கொண்டிருந்தாலும், அந்த நாலு வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் அப்பாவிடமிருந்து கடைசியாகப் பெற்றது அதுதான். அதையும் இப்போது நான், அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, பறித்துவிட்டேன். அவள் எனக்குச் செய்ததையே நான் அவருக்குச் செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கேட்டவர் அண்ணை" என்றேன். "நான் இப்ப சொன்னதுதான் பொய். கேட்டவர்."

"என்னெண்டு கேட்டவர்?"

இவ்வளவு நாளும் அவளைத் தவிர யாரிடமும் சொல்லாத அதை என் சொல்லில் சொல்ல வேண்டும் என்று தேடினேன். ஒரு உவமை கூட வரவில்லை. என்ன சொன்னாலும் அது அப்பா சொன்னதாக இருக்காது.

"போட்டுகள் வாற நேரம், எழுப்பி விடு எண்டுவார். இருத்தி விட்டால் படலையைப் பார்ப்பார். தம்பி வந்திட்டானோ, மீன்தலை வைச்சியோ எண்டு கேப்பார்."

"நீ என்ன சொல்லுவாய்?"

"வந்திட்டான் எண்டுவன்."

"பிறகு?"

"நித்திரையாயிடுவார்."

அண்ணை அங்கே அழுதார், நான் இங்கே அழுதேன், இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. வெளியில் கடைசிப் போட்டின் சத்தமும் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் அண்ணைக்குச் சொன்னது அவளுடைய பாட்டைத்தான், வரி வரியாக, அவள் வைத்த அதே ஒழுங்கில். மாற்றிச் சொல்வதற்கு அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. அதற்காகவும் அவளை நான் மன்னிக்கப்போவதில்லை.